பை காக்க ஆள் இல்லை: லேடீஸ் டப்பா பிசிக் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்காவிலும் சயானிலும் குர்லாவிலும் ஏறி, ஒரே லேடீஸ் டப்பாவில் தாணே வரை போய் வந்த என் பிசிக் (மாதச் சீட்டுக்) கூட்டத்துத் தோழிகளுக்கு,



இதை வாட்ஸப்பில் போட்டால் ஆளுக்கொரு ரோஜாப்பூ படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால்தான் அச்சில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர், மகன், மகள், மருமகள் கண்ணிலும் இது பட வேண்டும் என்பது இன்னொரு காரணம். வீட்டில் வாய் திறந்து சொல்ல நீங்கள் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன்.

வருகிற பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நாம் கோப்போலி இமேஜிகா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். அறுபதாவது பிறந்தநாள் கொண்டாட. பேரன், பேத்தி யாரும் கூட வர மாட்டார்கள். கணவர்மார்களும் கிடையாது. அங்கே நைட்ரோ என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. உடம்பு இடம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அதில் ஏறப் போகிறோம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 1966 ஏப்ரலுக்கும் 1967 ஏப்ரலுக்கும் நடுவே பிறந்தவர்கள். பஞ்சாங்கப்படி அது பராபவ வருடம். அறுபது வருடச் சுற்று முடிந்து 2026 சித்திரையில் அதே பராபவம் மறுபடி பிறந்திருக்கிறது. சிவசேனாவுக்கும் இதே வயதுதான். 1966 ஜூன் 19இல் தொடங்கினார்கள். மதராசிகளே வெளியேறுங்கள் என்று தாதரிலும் மாட்டுங்காவிலும் கத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் நம்மைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள் நம் அம்மாக்கள். அவர்களும் போகவில்லை, நாமும் போகவில்லை. அந்தக் கட்சியே இரண்டாகிவிட்டது. நம் பிசி இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. சரி, அது போகட்டும்.

அறுபது என்றதும் எல்லார் வாயிலும் வருவது திருக்கடையூர். அமிர்தகடேசுவரர் சன்னிதியில் எமனைத் தடுத்து மார்க்கண்டேயனுக்கு ஆயுள் கிடைத்த ஊர். 59 முடிந்தால் உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர், ஒரு ஹோமம், ஒரு கலசம். நல்ல ஏற்பாடு. ஆனால் இது யாருடைய வயது? நம் மாட்டுங்கா மாமி போய்விட்டு வந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் கணவருக்கு அறுபது, மாமிக்கு ஐம்பத்தேழு. பக்கத்தில் இன்னும் பல ஜோடிகள் வரிசையாக மணையில். எல்லார் தலையிலும் கலசத் தண்ணீரைக் கொட்டினார்கள். நனைந்த ஒன்பது கஜத்தோடு மாமி நடுங்கிக்கொண்டே மறுபடி தாலி கட்டிக்கொண்டார். சங்கல்பத்தில் சொன்னது கணவரின் நட்சத்திரம், கணவரின் வருஷம். "நான் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தேன்டி, ஆனா ஃபங்ஷன் என்னுது இல்லை" என்றார். மனக்குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாமிக்கு அறுபது வரும்போது செய்வதற்கென்று எந்தச் சடங்கும் இல்லை. கணவர் இல்லாத நம் தாராவி அக்காவுக்குத் திருக்கடையூர் மணையில் இடமே இல்லை. பெண்ணின் அறுபதுக்குச் சாஸ்திரத்தில் ஒரு பக்கமும் ஒதுக்காமல் விட்டுவிட்டார்கள். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதாத பக்கம் என்றால் நம் இஷ்டத்துக்கு எழுதலாம்.

இமேஜிகா எதற்கு, அமைதியாக லோனாவ்லாவில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாமே என்று குழுவில் இரண்டு பேர் கேட்டீர்கள். உட்கார்ந்தது போதும் என்பதுதான் என் பதில். கேளிக்கைப் பூங்காவில் நாம் இதுவரை செய்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கோராயில் எஸ்ஸெல்வேர்ல்ட் 1989இல் திறந்தது. நம் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மும்பையில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது போரிவிலி போய், ஜெட்டியில் படகு பிடித்து, அங்கே போயிருப்போம். படகிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகள் ஓடும். அப்பாக்கள் பின்னால் ஓடுவார்கள். நாம்? ஒரு மர நிழலில் பெஞ்ச். மடியில் எல்லார் செருப்பும், எல்லார் கண்ணாடியும், மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம் அடைத்த டப்பா. ரைடு சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் கை ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் "அம்மா பார்க்கவே இல்லை" என்று அழுகை. திரும்பும்போது கணவர் கேட்பார், "என்ன, ஜாலியா இருந்ததா?" என்று. ஜாலியாகத்தான் இருந்தது என்று நாமும் சொன்னோம். அந்த எஸ்ஸெல்வேர்ல்ட் சில வருடங்களாக மூடிக் கிடக்கிறது. நாம் அதன் ரைடு எதிலும் ஏறாமலே அது முடிந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம் மட்டுமில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே சனிக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களையும் மரக்குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் ஏன் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17இல் டிஸ்னிலேண்டைத் திறந்தார். பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆண். கையில் காசும் இருந்தது. அதனால் பார்க்கே கட்டிவிட்டார். நம்மிடம் இருப்பது மாதம் ஐநூறு ரூபாய் பிசி. சில மாதம் சேர்த்தால் ஒரு நாள் டிக்கெட்டுக்கு அது போதும். இன்னொன்று. இதெல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கான இடம் என்று நினைப்பதே பிற்பாடு வந்த வழக்கம். கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி தோட்டம் பெரியவர்கள் மாலையில் போய் இசை கேட்டு, சாப்பிட்டு, வாணவேடிக்கை பார்க்கிற இடமாகத்தான் ஆரம்பித்தது. நம் பக்கத்திலும் மாஹிம் உரூஸில் டிசம்பர் மாதம் கடற்கரையில் ராட்டினம் போடுகிறார்களே, அதில் இரவு பத்து மணிக்கு மேல் ஏறிக் கத்துகிறவர்கள் யார்? தாராவி அக்கா கல்யாணத்துக்கு முன்பு அண்ணன்களோடு அதில் ஏறியிருக்கிறார். உச்சியில் நிற்கும்போது பாந்திரா வரை தெரியும் என்பார். கல்யாணத்துக்குப் பிறகு ராட்டினத்துக்குக் கீழே நின்றவர்தான்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி ஏன்? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கோப்போலிப் பக்கம் கொட்டுகிற மழை உங்களுக்குத் தெரியும், காட் அடிவாரம். பெருமழை, இடி என்றால் வெட்டவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். தீபாவளி விடுமுறை வேண்டாம். டிசம்பர், ஜனவரி பள்ளிக்கூடப் பிக்னிக் காலம். மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். பிப்ரவரி நடுவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்கிவிடும், மற்ற வகுப்புகளும் பரீட்சை பயத்தில் இருக்கும். வேலை நாளில் போனால் பிள்ளைகள் கூட்டம் குறைவு. ஏப்ரல் பாதியில் பராபவம் முடிவதற்குள் எல்லாருடைய கொண்டாட்டத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாருடையதும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், யாருடைய பிறந்தநாள் எது என்பதிலேயே நமக்குள் வழக்கு. மாமிக்கு நட்சத்திரம்தான் கணக்கு, ஆங்கிலத் தேதி சொன்னால் ஒப்ப மாட்டார். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தாராவி அக்காவின் ஆதாரில் ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் 1தான். "பெரிய மழை பேஞ்ச வருஷம், எங்க ஆச்சி செத்து மூணாம் மாசம்" என்பதுதான் அவர் வீட்டுக் கணக்கு. ஆகவே பொதுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நல்ல காரியமா என்று முனக வேண்டாம் மாமி. நல்ல காரியம் என்று யார் சொன்னது, ரோலர் கோஸ்டர்.

போகும்போது லோக்கல். இதில் மட்டும் நான் பிடிவாதம். இத்தனை வருடம் தாணேயில் இறங்கிய வழித்தடத்தின் ஒரு கிளை இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கர்ஜத் தாண்டிக் கோப்போலியில் போய் முடிகிறது. நேர் கோப்போலி வண்டிகள் கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால் கர்ஜத்தில் மாறிக்கொள்ளலாம். அவை வேக வண்டிகள், மாட்டுங்காவில் நிற்காது; மாமி தாதர் வந்துவிட வேண்டும். பழைய மாதிரி மாமிதான் முதலில் ஏறி இடம் போட வேண்டும். ஜன்னலோரம் யாருக்கு, ஃபோர்த் சீட் யாருக்கு என்ற சண்டையை அன்றைக்கும் விட வேண்டாம். கொத்தவரங்காய் ஆய்கிற வேலை மட்டும் வேண்டாம். இட்லி மிளகாய்ப்பொடியை வண்டியிலேயே தீர்த்துவிட வேண்டும்; வெளிச் சாப்பாட்டைப் பார்க் வாசலில் நிறுத்திவிடுவார்கள். கோப்போலி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, இல்லை எஸ்.டி. பஸ். 2023 மார்ச்சிலிருந்து மகாராஷ்டிர எஸ்.டி. பஸ்ஸில் பெண்களுக்குப் பாதி டிக்கெட்தான். ஊருக்குப் போகிற ரயிலில் 58 வயதுப் பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணத்தை நாம் 58ஐ எட்டுவதற்குள் 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை எஸ்.டி. பஸ்ஸில் கொஞ்சம் ஆற்றிக்கொள்வோம்.

திரும்பும்போது டெம்போ டிராவலர். முழங்கால்கள் அதற்குமேல் படியேறாது. வழியில் கோப்போலி ரமாகாந்த் வடாபாவ்.

இப்போது உடம்பு. இதைப் பற்றிக் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் நானே நீட்டி எழுதுகிறேன்.

நைட்ரோவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்து நிறுவனம் வடிவமைத்தது. 130 அடி உயரம், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம், அதோடு தலைகீழாகச் சுற்றும். காலுக்குக் கீழே தளம் கிடையாது. இருக்கையில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். ஒரு சங்கிலி உங்களை உச்சி வரை இழுத்துக்கொண்டு போகும். அதன்பின் எஞ்சின் எதுவும் இல்லை, மேலே ஏறிய உயரத்தை வைத்தே மீதித் தூரம் ஓடும். ஏறும்போது கடகடவென்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பெட்டி பின்னால் நழுவாமல் பிடிக்கிற கொக்கியின் சத்தம் அது. அந்தச் சத்தம் நிற்கிற இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

ஏறலாமா கூடாதா என்பதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டியவர்கள்: ஸ்டென்ட் வைத்தவர்கள், மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், கண்ணில் விழித்திரை ஆபரேஷன் ஆனவர்கள். எலும்பு மெலிவு இருக்கிறதா என்பது மாதவிடாய் நின்ற நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பார்க் போகாவிட்டாலும் நல்லது. படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறினால் அப்படி ஆகும். அவர்கள் தலைகீழ் ரைடு பக்கம் போகவே வேண்டாம். இதில் வீராப்பு காட்டக்கூடாது.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் நாமே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி. வேகமாக இல்லை, நம் நடையில் ஏறுங்கள். பேசிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தால் சரி. பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு இதய டாக்டரிடம் போங்கள். கிருத்திகைக் கூட்டத்தில் வேண்டாம். சும்மா ஒரு காலை நேரத்தில்.

அடுத்தது, யாரும் சொல்லாத விஷயம். இருமினால், தும்மினால், வயிறு குலுங்கச் சிரித்தால் நம்மில் பலருக்கு இரண்டு சொட்டுக் கசியும். பிரசவத்தில் தளர்ந்த தசை, வயதில் இன்னும் தளர்கிறது. 130 அடியிலிருந்து இறங்கும்போது கசியாமல் இருக்குமா? இந்த ஒரே பயத்தில் "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா" என்று ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948லேயே இதற்குப் பயிற்சி எழுதி வைத்துவிட்டார். மூத்திரத்தை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, மனசுக்குள் ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். பிப்ரவரிக்குள் நேரம் இருக்கிறது. அன்றைக்குப் பேடும் வைத்துக்கொள்ளுங்கள், பையில் மாற்று உடையும் இருக்கட்டும். மருமகள் கேட்டால் மழைக்கு என்று சொல்லுங்கள். பிப்ரவரியில் என்ன மழை என்று அவள் கேட்க மாட்டாள்.

உடை. சேலை வேண்டாம். முந்தானை, துப்பட்டா, தொங்குகிற எதுவும் ஆபத்து. சல்வாரோ பேன்ட்டோ, மேலே நீளமான டாப்ஸ். இதுவரை போட்டதே இல்லை என்று தாராவி அக்கா மலைத்தார். ஐந்து நிமிடம் நடந்து தொண்ணூறடி ரோட்டுக்கு வந்தால் ரெடிமேடில் இல்லாததா? தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊக்கு குத்துங்கள். வளையல், கம்மல் வீட்டில் இருக்கட்டும். பூ வைத்துக்கொள்ளலாம். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து மாமி மல்லிகை கொண்டு வருவார், ஆனால் நைட்ரோவுக்குப் பிறகுதான் தலையில் ஏறும். பல்செட்டும் காது மெஷினும் வைத்திருப்பவர்கள் கழற்றி டப்பாவில் போட வேண்டும். லாக்கர் வாடகைக்குக் கிடைக்கும். நம்மில் ஒருத்தியும் பை காக்க உட்காரக் கூடாது என்பதற்காகவே லாக்கர் வாடகையை முதல் செலவாக எழுதியிருக்கிறேன். "நான் பார்த்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அன்றைக்கு யார் சொன்னாலும் அடுத்த மாதப் பிசி அவர் கட்ட வேண்டும், எல்லாருக்கும் சேர்த்து.

வாட்டர் பார்க் வேண்டாம் என்பது என் முடிவு. நைலான் உடை கட்டாயம், வாடகைக்கு எடுக்க வேண்டும், மாற்ற வரிசை, தலை துவட்ட நேரம், அதற்குப் பிறகு ஜலதோஷம். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

ஏறும்போது தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டிக்கொள்ளுங்கள், அதுதான் கழுத்துக்குக் காவல். முன்வரிசையில் காட்சி நன்றாக இருக்கும், கடைசி வரிசை உச்சியைத் தாண்டும்போது சுண்டி இழுக்கும். முதல் தடவை ஏறுகிறவர்கள் நடுவில் உட்காருவது நல்லது. மூச்சைப் பிடிக்காமல் கத்துங்கள். வரிசை நீளமாக இருக்குமே என்று கேட்காதீர்கள்; ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கஃபே மெட்ராஸ் வாசலில் நிற்கிற நமக்கு இது ஒரு வரிசையா?

நைட்ரோவைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், சாப்பாட்டுக்கு முன். ஆனால் வெறும் வயிற்றில் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள். சாப்பிட்டபின் ஏசி ரைடுகள். ஐ ஃபார் இந்தியாவில் பெரிய திரைக்கு முன்னால் அந்தரத்தில் உட்கார்த்தி நாடு முழுக்கப் பறக்க வைப்பார்கள். முழங்கால் சரியில்லாதவர்களும் ரசிக்கலாம். மிஸ்டர் இந்தியா என்று ஒன்று, 1987இல் நாம் தியேட்டரில் பார்த்த படத்தை வைத்தே செய்தது. இருக்கை மட்டும் குலுங்கும். ராஜாசாரஸ் படகில் நனைவோம். அந்த டைனோசர் கற்பனை இல்லை, குஜராத்தில் எலும்பு கிடைத்து 2003இல் பெயர் வைத்த நம் ஊர் உயிர். ரிடயர்டு டீச்சர் ஆயிற்றே, இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

பணம். இதில்தான் போன மாதம் மனக்கசப்பு வந்தது. மாமி நல்ல எண்ணத்தில்தான், "அக்காவோட டிக்கெட்டை நான் போட்டுடறேன்" என்றார். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு அரைத்து, விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் இட்லி அவித்துச் சைக்கிள்காரர்களிடம் கொடுக்கிறவர். இத்தனை வருடத்தில் ஒரு மாதம்கூடப் பிசி பாக்கி வைத்ததில்லை. அவருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு என்றால் அந்த ஒரு நாள் வருமானம் போகிறது. டிக்கெட்டை விட அது பெரிய செலவு, அதை நாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஒரு புது ஏற்பாடு. மொத்தச் செலவையும், அன்றைக்கு வேலை இழப்பவர்களின் ஒரு நாள் கூலியையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதி, அதை எல்லார் தலையிலும் சமமாக வகுக்க வேண்டும். கூலி இழக்காத பென்ஷன்காரர்களுக்கு அதனால் நூறு, இருநூறு கூடும். யாரும் யாருக்கும் இனாமாகக் கொடுத்ததாக இருக்காது. அக்காவிடம் பேசிவிட்டேன். "அப்படின்னா சரி" என்றார். இன்னொன்றும் சொன்னார். தாராவி மறுசீரமைப்புக்காக வீட்டுக்கு எந்த நாளில் யார் காகிதம் கேட்டு வருவார்கள் என்று தெரியாது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்டுகிற காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் கவரோடு மகன் வீட்டில் இருக்க வேண்டும். மகன் ஒத்துக்கொண்டான்.

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். வாசலில் வாங்குவதைவிட முன்கூட்டியே ஆன்லைனில் எடுப்பது மலிவு. என் மகன் எடுத்துத் தருவான். அவனுக்கு வேலை அவ்வளவுதான், கூட வர வேண்டியதில்லை.

கணவர்மார்களுக்கு: உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அறுபதுக்கு நாங்கள் நனைந்த புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்தோம், இனி எழுபதுக்கும் உட்காருவோம். இந்த ஒரு நாள் தோசைமாவு ஃபிரிட்ஜின் இரண்டாவது தட்டில் இருக்கும்.

மருமகள்களுக்கும் மகள்களுக்கும்: உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். பாட்டி இல்லாவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியோடுதான் நாங்களும் தாணே வண்டியில் ஓடினோம்; எங்களுக்கு மாமியார் இருந்தார்கள், சிலருக்குப் பக்கத்து வீட்டு மராட்டிக்காரி இருந்தாள். ஆனால் தேதியை இப்போதே சொல்கிறோம். ஒரு நாள் லீவு போட மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. "குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன், அதுக்கும் ஜாலியா இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நைட்ரோவில் ஏற 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அது இல்லாத பிள்ளையோடு கீழே நிற்கப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நம் கூட்டத்தில் இல்லாத, ஆனால் இதைப் படிக்கிற மும்பைத் தமிழ்ப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் டெம்போவில் இடம் இல்லை. நீங்கள் உங்கள் டப்பாவில், உங்கள் சாலில், உங்கள் பஜனை மண்டலியில் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே செவ்வாய்க்கிழமை வேண்டாம், வரிசை நீளும்.

பெயர் கொடுக்காதவர்கள் இன்னும் நான்கு பேர். இந்த மாதப் பிசி குலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் கூடுகிறோம். அன்றைக்கு டாக்டர் சீட்டும் முதல் தவணையும் வேண்டும். நைட்ரோவில் ஏற மாட்டேன் என்கிறவர்கள் வரத் தடையில்லை. ஏறுகிறவர்கள் பட்டியலில் இப்போதைக்கு என் பெயரும் அக்கா பெயரும் மட்டும்தான் இருக்கிறது. அக்காவுக்கு முன்வரிசை வேண்டுமாம்.

இப்படிக்கு,
குர்லாவில் ஏறுகிற செம்பூர்க்காரி